இரண்டாம் முள்

பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

நீயும் உன் இல்லாளும் நலமாக இருக்க வேண்டும். உன் கண்வலி குறைந்ததா? நாள் முழுவதும் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டிருந்தால் எந்தக் கண்தான் பொறுக்கும்! என் நலத்துக்குக் குறைவில்லை, தொண்டை ஒன்றைத் தவிர. மருத்துவர், "ஒரு மாசம் வாயைத் திறக்காதீங்க" என்றார். "அதுக்குப் பதிலா என் உயிரைக் கேளுங்க, எடுத்துக்குங்க" என்றேன். பக்கத்தில் நின்ற மகள் சிரித்துவிட்டாள். இந்த வீட்டில் சிரிப்பொலி கேட்டு ஐந்து வாரமாயிற்று.

பதிவு அஞ்சலில் ஒரு சிறு பெட்டி வரும். அதற்குள் உன் அத்தானின் கைக்கடிகாரம் இருக்கிறது. சுரங்கப்பாதைப் பணியிடத்திலிருந்து அவர் உடைமைகளை அனுப்பியவர்கள், இதை மட்டும் தனியாகத் தடித்த உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து அனுப்பினார்கள். முத்திரையை நான் உடைக்கவில்லை. உறையைத் தொடவே கை கூசியது.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. கடிகாரங்களை ஆய்ந்து அறிக்கை எழுதுவது உன் தொழில். இதன் விலை எனக்கு வேண்டாம், பெருமையும் வேண்டாம். இது எப்போது நின்றது? அந்த ஒன்றைச் சொல்.

உன் அத்தான் சனவரி பதினொன்றாம் நாள் மாலை மாரடைப்பால் இறந்தார் என்று அங்குள்ள மருத்துவர் தாளில் எழுதியிருக்கிறார். பன்னிரண்டும் பதின்மூன்றும் பணியிடத்துக்கு விடுமுறை. குடியிருப்பில் ஆளில்லை, தேடுவாரும் இல்லை. பதினான்காம் நாள் காலையில்தான் அறைக் கதவை உடைத்திருக்கிறார்கள். பதினொன்றாம் நாள் மாலைக்குப் பின் அவரைக் கண்டவர் எவருமில்லை என்பதால் அப்படி எழுதினாராம் மருத்துவர். ஊகத்தில் பிறந்த தாள் அது, தம்பி. எனக்கு உறுதி வேண்டும்.

அந்தக் கடிகாரத்தைக் கையில் கட்டியபடியே இறந்திருக்கிறார். அதை நான் அவர் எனக்குச் சொன்ன விடையாக எடுத்துக்கொண்டேன். கேள்வி என்ன என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

உடம்பைப் பேணிக்கொள். உன் இல்லாளிடம் என் அன்பைச் சொல்.

உன் அக்கா

•

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். கண்வலி தொடர்கிறது. அது இருப்பதால்தான் நான் வேலை செய்கிறேன் என்று முதலாளி நம்புகிறார். தொண்டை விஷயத்தில் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் ஒரு மாதம் பேசாவிட்டால் உலகம் கவிழ்ந்துவிடாது. கவிழ்ந்தாலும் எழுதித் தெரிவிக்கலாம். மகளிடம் மாமா கேட்டதாகச் சொல்லுங்கள்.

பெட்டி வந்து சேர்ந்தது. முத்திரை முழுதாக இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் முத்திரையிட்ட உறையை ஒருவர் தனியாகப் பிரிக்கக் கூடாது. இரண்டு சோடிக் கண்கள் வேண்டும். உறையைப் பிரித்ததும் முதல் வேலை, தொடாமலிருப்பது. முட்கள் எங்கே நிற்கின்றன, நாட்கட்டம் எந்த எண்ணைக் காட்டுகிறது என்று இருவரும் தனித்தனியே எழுதி ஒப்பிடுவோம். அதற்குப் பிறகே சாவி கொடுப்போம். அதற்கு முன் சாவியைத் தொட்டவன் இந்தத் தொழிலுக்கு ஆகமாட்டான். என் எதிர்மேசைக்காரர் திங்களன்று விடுப்பு முடிந்து வருகிறார். அன்று பிரிப்போம்.

பெட்டிக்குள் நீங்கள் வைத்த உத்தரவாத அட்டையைப் பார்த்தேன். அக்கா, நாங்களே ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் பார்க்கும் வகை இது. கடிகாரத்தின் பகை புவியீர்ப்பு. நிமிர்த்தி வைத்தால் ஒரு பிழை, சாய்த்து வைத்தால் வேறொரு பிழை. ஆகவே அதன் நெஞ்சாகத் துடிக்கும் சக்கரத்தை ஒரு கூட்டுக்குள் வைத்து, அந்தக் கூட்டையே நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றவிடுகிறார்கள். எல்லாப் பக்கத்துப் பிழைகளும் ஒன்றையொன்று தின்று தீர்ந்துவிடும். தொழிலில் டூர்பியான் என்பார்கள். நான் சுழற்கூடு என்பேன். தனித்தமிழ் பேசும் நம் வீட்டில் வளர்ந்தவன் வேறெப்படிச் சொல்வான்? எதிர்மேசைக்காரர் இதைப் பற்றி ஒருமுறை சொன்னார்: "இந்தப் பாடு பட்டு நாளைக்கு ரெண்டு நொடி மிச்சம் பிடிக்கிறாங்க. நான் டீ குடிக்கப் போனா அரை மணி நேரம் போயிடுது."

மற்றொரு சிறப்பு, இரண்டாம் முள். ஊர்விட்டு ஊர் சென்று வாழ்கிறவர்களுக்கானது. பெரிய முட்கள் நாம் இருக்கும் ஊரின் நேரத்தைக் காட்டும். மெல்லிய நீல முள் ஒன்று, இருபத்துநான்கு மணி வட்டத்தில், வேறோர் ஊரின் நேரத்தைக் காட்டும். விளிம்பில் ஒரு நுண்குழி, அதற்குள் ஒரு பொத்தான். கூரான எதையாவது விட்டு ஒருமுறை அழுத்தினால் நீல முள் ஒரு மணி நகரும்.

அடுத்த கடிதத்தில் விவரம் எழுதுகிறேன். இரவில் வெந்நீரில் கொப்பளியுங்கள்.

அன்புடன்,
தம்பி

•

மார்ச் 21

அன்புத் தம்பிக்கு,

உங்கள் இருவர் நலமும் நாடுகிறேன். கொப்பளிக்கிறேன், போதுமா? மகள் தேர்வுக்குப் படிக்கிறாள். தந்தையின் நாற்காலியில் அமர்ந்து படிக்கிறாள். எழுப்ப மனம் வரவில்லை.

சுழலும் கூடாம், நீல முள்ளாம்! இரண்டு நொடியைச் சேமிக்க இத்தனை மூளை! ஒரு நொடியில் மண் சரிந்து மூன்று தொழிலாளரை மூடியதே, அந்த நொடியைச் சேமிக்க ஒரு மூளை இல்லாமற் போயிற்றே! அதே சுரங்கம், தம்பி. உன் அத்தான் தலைமைப் பொறியாளராக இருந்த அதே சுரங்கம். அந்த மூவருக்காக நான் ஓராண்டாக மேடை மேடையாக முழங்கிக்கொண்டிருந்தேன். இனி நடந்ததைக் கேள்.

சனவரி பத்து. பேச்சுப் பயணத்தின் முதல் நகரில் இருந்தேன். தையல் தொழிற்சாலைப் பெண்களின் மாநாடு. பேசி முடித்து இறங்கியதும் ஒருத்தி பழைய நாளேடு ஒன்றை நீட்டினாள். "இவங்க உங்க வீட்டுக்காரர்தானேம்மா?" என்றாள். படத்தில் உன் அத்தான். மலையின் இருபுறமிருந்தும் குடைந்து வந்த சுரங்கம் மயிரிழை பிசகாமல் நடுவில் சந்தித்த நாள். நிறுவனத்தின் உரிமையாளர் தம் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி இவர் கையில் கட்டுகிறார். இவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். நாளேடு ஓராண்டுக்கு முந்தையது. ஓராண்டு! விடுப்பில் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் கழற்றி ஒளித்துவைத்திருக்கிறார்.

அங்கேயே தொலைபேசியை எடுத்தேன்.

"ஆமா, குடுத்தாரு. வாங்கிக்கிட்டேன்" என்றார்.

"மூணு பேரு செத்த எடத்துல உங்க கைக்கு நகையா?"

"அப்படி இல்லம்மா. இதுல ஒரு முள்ளு இருக்கு, அது வந்து..."

"முள்ளாவது மண்ணாவது! கழட்டி எறிஞ்சிட்டு என்கிட்ட பேசுங்க. அதுவரைக்கும் எனக்குப் புருஷன் இல்ல."

குழலை வைத்துவிட்டேன். இருபத்திரண்டு ஆண்டுக் குடித்தனத்தில் அவர் குரலை நான் கடைசியாகக் கேட்டது அதுதான். பதினான்காம் நாள் கதவை உடைத்தபோது கடிகாரம் மணிக்கட்டில் இருந்தது. இப்போது புரிகிறதா, எது கேள்வி, எது விடை என்று? என்னைவிட அது பெரிதாகப் போயிற்று அவருக்கு.

திங்கள் கழிந்து இரண்டு வாரமாகப் போகிறது. பிரித்தாயா?

உன் அக்கா

•

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். மகள் தேர்வு நன்றாக எழுத வேண்டும்.

கடிகாரம் அசல்தான். கூடு, முகப்பு, இயந்திரம் மூன்றின் எண்களும் பொருந்துகின்றன. வார்ப்பட்டையின் மூன்றாம் துளை தேய்ந்திருக்கிறது. கண்ணாடியில் கீறல் இல்லை. பின்மூடியில் வியர்வை படிந்த தடம் உண்டு. அணிந்தவர் அதை நாள்தோறும் அணிந்திருக்கிறார்.

அறிக்கைக்காகச் சில செய்திகள் வேண்டும். அந்த வாரம் முழுவதும் முதல் நகரிலேயே இருந்தீர்களா? வேறு ஊருக்குப் போயிருந்தால், என்று, எந்த ஊருக்கு? அத்தானின் பணியிட நேரத்துக்கும் அவ்வூர் நேரத்துக்கும் எவ்வளவு வேறுபாடு? நீங்கள் போவது யாருக்குத் தெரியும்?

நின்ற நேரம் பற்றிய கணக்கு முடியவில்லை.

அன்புடன்,
தம்பி

•

ஏப்ரல் 15

அன்புத் தம்பிக்கு,

நலம் நாடுகிறேன். என்னப்பா இது, கடிதமா, காவல் நிலைய விசாரணையா? கடிகாரத்தை ஆய்ந்து சொல் என்றால் என்னை ஆய்கிறாய்! இருந்தாலும் கேட்டவன் நீ என்பதால் சொல்கிறேன்.

முதல் நகரம் உன் அத்தானின் பணியிடத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னே. நம் வீடு மூன்று மணி முன்னே என்பது உனக்குத் தெரியும். பதினொன்றாம் நாள் மதியம் திடீரென்று வேறொரு நகரத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே பேச இருந்தவர் நோயில் விழுந்துவிட்டார், நீங்கள் வர வேண்டும் என்றார்கள். பன்னிரண்டாம் நாள் விடிந்ததும் புறப்பட்டேன். அது பணியிடத்தைவிட ஐந்து மணி நேரம் முன்னே உள்ள ஊர். அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் அந்த ஊர் இல்லை. மகளுக்குக்கூடச் சொல்ல நேரமில்லை.

உன் அத்தானுக்கு மட்டும் சொன்னேன். அவரோடு பேசவில்லை. அவருடைய குடியிருப்பு அலுவலகத்தை அழைத்து, எழுத்தரிடம் செய்தியைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன்: இன்ன ஊருக்குப் போகிறேன், நாளை மூன்று மணிக்குப் பேசுகிறேன், மண்டபத்தின் தொலைபேசி எண் இது. மறுநாள் விடியற்காலையில் தான் ஊருக்குக் கிளம்பும்போது சீட்டைக் கதவடியில் தள்ளிவிடுவதாகச் சொன்னார். அது போய்ச் சேர்ந்ததா, படித்தாரா என்பது இன்றுவரை தெரியாது.

இப்போது என் நெஞ்சில் தைத்திருப்பதைச் சொல்கிறேன். பன்னிரண்டாம் நாள், அந்த ஊர் நேரம் சரியாக நான்கு மணி. மேடையில் பேசிக்கொண்டிருக்கிறேன். தொண்டர் ஒருவர் ஒரு சீட்டை நீட்டினார். "வெளியூர் அழைப்பு" என்று இருந்தது. யார் என்று இல்லை. நான் போகவில்லை. பேச்சைத் தொடர்ந்தேன். முடித்துவிட்டுப் போனபோது தொடர்பு அறுந்திருந்தது.

அழைத்தவர் யார், தம்பி? மருத்துவரின் தாள் உண்மையானால் அது உன் அத்தான் இல்லை. அவர் முந்தைய நாளே இறந்துவிட்டார். அந்தத் தாளை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டுதான் நான் நடமாடுகிறேன். தாள் சரியா, தவறா? உன் கையிலிருக்கும் பொருளுக்குத்தான் தெரியும்.

உடனே எழுது.

உன் அக்கா

•

மே 20

தம்பி,

நலமா? நலம் என்றாவது ஒரு வரி எழுதக் கூடாதா? ஐந்து வாரமாக அஞ்சல்காரரின் மிதிவண்டி மணிக்கெல்லாம் மாடிப்படி இறங்குகிறேன். என் முழங்கால் உன்னைச் சபிக்கிறது.

பத்தாயிரம் பேர் கூச்சலிட்டபோதும் ஒலிவாங்கியை விடாதவள் நான். உன் ஒருவனுடைய மௌனம் என்னை நடுங்கவைக்கிறது. ஊமைக்கோட்டான் என்று சின்ன வயதில் உன்னைக் கேலி செய்ததற்கு இப்போது பழி தீர்க்கிறாயா?

அக்கா

•

சூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மன்னித்துவிடுங்கள். எல்லாரும் நலம்தான். வேலை மிகுதி.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கடிகாரத்தைப் பிரித்த நாளில் எதிர்மேசைக்காரர் வரவில்லை. நானே தனியாகப் பிரித்தேன். முட்களைக் குறித்துக்கொள்ளும் முன்பே கை பழக்கத்தில் சாவி கொடுத்துவிட்டது. முட்கள் நகர்ந்துவிட்டன. ஆகவே அது எப்போது நின்றது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. இதை எப்படி எழுதுவதென்று தெரியாமல்தான் இத்தனை நாள் தாமதித்தேன்.

மருத்துவரின் தாளை நம்புங்கள், அக்கா. அவர் படித்தவர். அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகிறது? கடிகாரத்தைத் துடைத்து அடுத்த வாரம் அனுப்பிவிடுகிறேன்.

முழங்காலுக்குச் சூடான ஒத்தடம் கொடுங்கள்.

தம்பி

•

சூன் 12

தம்பிக்கு,

உன் நலத்தைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். நலமாக இரு.

எதையும் அனுப்பாதே. முதலில் நான் சொல்வதைக் கேள். சாவியை முதலில் தொட்டவன் இந்தத் தொழிலுக்கு ஆகமாட்டான் என்று மார்ச்சு மாதம் எழுதியவன் நீ. பதினெட்டு ஆண்டாக அத்தொழிலில் இருக்கிறாய். தலைவலி மாத்திரையைக்கூட இருமுறை எண்ணிப் பார்த்து விழுங்குகிறவன் நீ. உன் கை பழக்கத்தில் சாவி கொடுத்துவிட்டதா? உன் கையின் பழக்கம் அதற்கு நேர் எதிரானதாயிற்றே!

சரி, கை தவறியது என்றே வைத்துக்கொள்வோம். முட்களை நீ பார்க்கவேயில்லை. அப்படியானால் ஏப்ரல் நான்காம் நாள், நான் எந்த ஊரில் இருந்தேன், அது எத்தனை மணி வேறுபாடு என்று ஏன் கேட்டாய்? எதைக் கண்டு கேட்டாய்? அந்த வேறுபாட்டை எதனோடு ஒப்பிட்டாய்?

பொய் சொல்வதும் ஒரு கலை. அது உனக்குக் கைவரவில்லை. சிறுவயதில் உடைந்த கண்ணாடிக் குவளையைத் தலையணைக்கடியில் ஒளித்துவிட்டு அதன் மேலேயே தலைவைத்துப் படுத்தவன்தானே நீ!

என்னைக் காப்பதாக எண்ணிக்கொண்டு என்னை இருட்டில் நிறுத்தாதே. நீ கண்டதைக் கண்டபடி எழுது. தாங்குவது என் வேலை.

அக்கா

•

சூன் 26

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இதைப் படிக்கும்போது மகளை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடித்துவிட்டுப் படியுங்கள்.

பொய்தான் எழுதினேன். மார்ச்சு மாதத் திங்கட்கிழமை, எதிர்மேசைக்காரரோடுதான் உறையைப் பிரித்தேன். முறைப்படி இருவரும் எழுதினோம். இருவர் எழுதியதும் ஒன்றே. நாட்கட்டத்தில் 15. பெரிய முட்கள் ஒன்பதரை. நீல முள் பதினான்கரை.

இந்தக் கடிகாரம் அசைவில் தானாகச் சாவி ஏறும் வகையன்று. கையால்தான் கொடுக்க வேண்டும். முழுச் சாவியில் மூன்று நாள் ஓடும் என்பது செய்தவர்களின் கணக்கு. அவர்கள் கணக்கை நம்பாமல், நான்கு முறை முழுச் சாவி கொடுத்து ஓடவிட்டு அளந்தேன். நீங்கள் காத்திருந்த ஐந்து வாரத்தின் முற்பாதி அதில்தான் போயிற்று. மூன்று நாளும் பத்து நிமிடமும் ஓடுகிறது. அதற்கு மேல் ஒருமுறையும் ஓடவில்லை. பதினைந்தாம் நாள் காலை ஒன்பதரைக்கு, முத்திரையிட்ட உறைக்குள், அது நின்றிருக்கிறது. ஆகவே பன்னிரண்டாம் நாள் காலை ஒன்பது இருபதுக்கு முன்னால் அதற்குக் கடைசிச் சாவி கொடுத்திருக்க முடியாது. மருத்துவரின் தாள் தவறு.

கதவை உடைத்தவர்களில் யாரேனும் சாவியைத் திருகியிருக்கலாமே என்று நானும் என்னோடு வாதாடினேன். அந்த வாதத்தை நீல முள் தோற்கடித்துவிட்டது. அது பெரிய முட்களைவிட ஐந்து மணி நேரம் முன்னே நின்றது. வீட்டு நேரமாக இருந்தால் மூன்று இருக்க வேண்டும். முதல் நகரத்து நேரமாக இருந்தால் இரண்டு. ஐந்து மணி முன்னே எந்த ஊர் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் உங்களைக் கேட்டேன். உங்கள் விடை வந்த அன்று வேலையை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். எதிர்மேசைக்காரர், "என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றார். வீட்டில் கடிதம் என்றேன்.

நீங்கள் இரண்டாம் நகரத்துக்குப் போகிறீர்கள் என்பது அத்தானைத் தவிர அங்கு யாருக்கும் பொருட்டில்லை. பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் எழுத்தர் தள்ளிய சீட்டு அவர் கைக்குப் போயிருக்கிறது. படித்திருக்கிறார். படித்துவிட்டு முள்ளை மூன்று முறை அழுத்தி உங்கள் ஊருக்கு நகர்த்தியிருக்கிறார்.

இன்னும் இருக்கிறது. அந்தப் பொத்தான் குழியை நுண்ணோக்கியில் பார்த்தேன். அடியில் மை. பேனா முனையால் அழுத்தியிருக்கிறார். அது ஒரு நாள் மை அன்று. நீலம், அதன்மேல் கறுப்பு, மறுபடி நீலம், ஓரத்தில் வரைபடத்துக்குப் பயன்படுத்தும் சிவப்பு. படலம் படலமாக இறுகிப்போயிருக்கிறது. இந்த ஓராண்டில் நீங்கள் எத்தனை பயணம் போனீர்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் குழிக்குத் தெரிந்திருக்கிறது. "இதுல ஒரு முள்ளு இருக்கு, அது வந்து" என்று அவர் சொல்லத் தொடங்கியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இந்தச் செய்தியை மட்டும் கிள்ளியெடுத்து உங்களுக்குக் கொடுத்துவிடத் துடித்தேன். முடியவில்லை, அக்கா. கோபத்தில் கட்டியிருக்கவில்லை, உங்களைப் பின்தொடரத்தான் கட்டியிருந்தார் என்று சொன்னால், பன்னிரண்டாம் நாள் அவர் உயிரோடிருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொன்னால் நான்கு மணி அழைப்பு யாருடையது என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு என்னிடம் சான்று இல்லை. ஊகம் உண்டு. அதை எழுத மாட்டேன்.

என்னை மன்னியுங்கள். கடிகாரத்தை என்ன செய்யட்டும்?

தம்பி

•

ஆகசுட்டு 9

என் அன்புத் தம்பிக்கு,

நீயும் உன் இல்லாளும் நீடு நலமாக இருங்கள். உன் கண்ணைப் பார்த்துக்கொள். நான் உண்கிறேன், உறங்குகிறேன், மகளின் தலையைக் கோதிவிடுகிறேன். ஆறு வாரமாக மேடை ஏறவில்லை. தொண்டை தேறிவிட்டது என்கிறார் மருத்துவர். தேறி என்ன பயன்?

உன்னை மன்னிக்க என்ன இருக்கிறது? மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். நீ எனக்கு மறைத்ததை நான் உனக்கு முன்பே அறிந்திருந்தேன்.

"வெளியூர் அழைப்பு" என்று உனக்கு எழுதினேன். சீட்டில் இருந்தது அதுவன்று. "உங்கள் வீட்டுக்காரர் அழைக்கிறார்" என்று இருந்தது. நான் படித்தேன். மறுபடியும் படித்தேன். பிறகு மருத்துவரின் தாள் வந்தது. பதினொன்றாம் நாளே இறந்துவிட்டார் என்று அது சொன்னது. அந்தப் பொய்யை நான் இரு கையாலும் பற்றிக்கொண்டேன். சீட்டு எழுதியவர் யாருடைய கணவரையோ என் கணவர் என்று எழுதிவிட்டார், கூட்ட நெரிசலில் எதுவும் நடக்கும் என்று எனக்கு நானே சொற்பொழிவாற்றினேன். உன் கண்ணாடியும் அதையே சொல்லிவிட்டால் என் கண்ணையும் காதையும் பொய்யாக்கிவிடலாம் என்றுதான் பெட்டியை அனுப்பினேன். என் வழக்குக்கு உன்னைப் பொய்ச்சாட்சியாக்கப் பார்த்தேன், தம்பி. நீயோ என்மேல் கொண்ட அன்பால், நான் கேளாமலே பொய்ச்சாட்சி சொன்னாய்.

எழுத்தரிடம் சொன்ன செய்தியிலும் ஒரு வரியை உனக்கு மறைத்தேன். "கழட்டிட்டா மட்டும் கூப்பிடச் சொல்லுங்க" என்பது அது. மூன்றாம் மனிதர் ஒருவரிடம், அதுவும் அவருக்குக் கீழே வேலை செய்கிறவரிடம், என் கணவருக்கு அப்படிச் சொல்லி அனுப்பினேன்.

மூன்று மணிக்குத் தொடங்கினால் நான்கு மணிக்கு முடிப்பேன். அவருக்கு அது தெரியும். முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்து, நான் முடித்திருப்பேன் என்று கணக்கிட்டு, என் பேச்சுக்கு இடையூறு ஆகக் கூடாதென்று, சரியாக நான்கு அடித்ததும் அழைத்திருக்கிறார். நீல முள்ளைப் பற்றி நீ எழுதிய பிறகுதான் அந்த நான்கு மணி எனக்கு விளங்கியது.

அன்று நான் நான்கு மணிக்கு முடிக்கவில்லை. சீட்டைப் படித்ததும் கழற்றிவிட்டார் என்று முடிவு கட்டினேன். என் குரல் ஏறியது. தொண்டரிடம், "இருக்கச் சொல்லுங்க" என்றேன். ஒரு சுரங்கத்தைப் பற்றிப் பேசினேன். மூன்று பிணங்களைப் பற்றிப் பேசினேன். பிணங்களின்மேல் கையை நீட்டிப் பரிசு வாங்கிய ஒரு பொறியாளரைப் பற்றி, பெயர் சொல்லாமல், நாற்பது நிமிடம் பேசினேன். கைதட்டல் கூரையைப் பிளந்தது. தொலைபேசி இருந்த அலுவலக அறையிலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள். அதை முதலிலேயே கண்டிருந்தேன்.

முடித்துவிட்டு அந்த அறைக்குப் போனேன். பொறுப்பிலிருந்த அம்மையார் குழலை அப்போதுதான் அதன் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நேரம் லைன்லயேதாம்மா இருந்தாரு. இப்பதான் வச்சாரு. உங்க பேச்சு நல்லா இருந்துச்சுன்னு சொல்லச் சொன்னாரு."

அவர் எண் எனக்கு மனப்பாடம். தொலைபேசி என் முன்னாலேயே இருந்தது. நான் சிரித்தேன், தம்பி. பணிந்துவிட்டார் என்று சிரித்தேன். ஒரு நாள் தவிக்கட்டும் என்று எண்ணிக்கொண்டு, வெளியே காத்திருந்த கூட்டத்தாரோடு படம் எடுத்துக்கொள்ளப் போனேன்.

உன் அக்கா